டைஸ் யார் கையில்? டேபிள்டாப் ஆர்பிஜிக்குப் புதிதாக வருபவர்களுக்கு

தாயம் ஆடும்போது கட்டையை யார் உருட்டுவது என்ற கேள்வியே எழாது. முறை யாருடையதோ அவர் உருட்டுவார், விழுந்ததை எல்லோரும் பார்ப்பார்கள், காய் நகரும். மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை ஆடும் டேபிள்டாப் ஆர்பிஜியில் முறை வைத்து ஆடுவது பெரும்பாலும் சண்டைக் காட்சியில் மட்டும்தான். மற்ற நேரமெல்லாம் நான்கைந்து பேர் பேசிப் பேசியே கதையை நகர்த்துகிறார்கள். நடுவில் ஒருவர், "அந்தக் கதவுல பொறி ஏதாவது இருக்கான்னு பார்க்கிறேன்" என்பார். ஆட்டத்தை நடத்தும் டிஎம் வாயைத் திறக்கும் முன்பே, டி20 எனப்படும் இருபது முக டைஸ் உருளும் சத்தம் கேட்கும். 4 விழும். "ஒண்ணும் தெரியல" என்பார் டிஎம். உடனே பக்கத்தில் இருப்பவர், "அப்போ நானும் பார்க்கிறேன்" என்று தன் டைஸை எடுப்பார். அவரைப் பார்த்து மூன்றாமவரும் எடுப்பார். யாருக்காவது 19 விழும்வரை இது நிற்காது.

இங்கே யாரும் ஏமாற்றவில்லை. ஆனாலும் கதவில் பொறி வைத்ததற்குப் பொருளே இல்லாமல் போய்விட்டது. யார் உருட்டுவது, எத்தனை முறை உருட்டுவது, விழுந்த எண்ணை யார் பார்ப்பது என்பதை டைஸ் மேசையைத் தொடுவதற்கு முன் யாரும் முடிவு செய்யாததுதான் காரணம். அந்த முடிவை எடுக்கும் விதம்தான் இந்தக் கட்டுரை. புதியவர்களில் பலர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில்தான் தொடங்குகிறார்கள் என்பதால், அதன் 2014ஆம் ஆண்டு ஐந்தாம் பதிப்பை அடிப்படையாக வைத்துக்கொள்வோம். நான்கு ஆட்டக்காரர்களும் ஒரு டிஎம்மும் உட்கார்ந்த மேசை. ஆளுக்கு ஏழு டைஸ் கொண்ட ஒரு செட். டிஎம்மிடம் கூடுதலாக நான்கைந்து டி20 இருந்தால் நல்லது, வெவ்வேறு நிறத்தில்.

முதலில்: உருட்டத்தான் வேண்டுமா?

இதைச் சொல்ல வேண்டியவர் டிஎம் மட்டுமே. ஆட்டக்காரர் தன் பாத்திரம் என்ன செய்கிறது, எப்படிச் செய்கிறது என்று சொல்வார். "பெர்செப்ஷன் (கவனிக்கும் திறன்) உருட்டட்டுமா?" என்று கேட்பதைவிட "கதவின் கீழ் இடுக்கில் கத்தியை விட்டு மெதுவாக நகர்த்திப் பார்க்கிறேன்" என்று சொல்வது எவ்வளவோ மேல். கத்தி எதில் தட்டும் என்பது டிஎம்முக்குத் தெரியும். சில நேரம் அந்த விவரிப்பே போதும், உருட்ட வேண்டியதே வராது. கம்பி ஒன்று தட்டுப்பட்டது என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

உருட்டச் சொல்லும் முன் டிஎம் தனக்குள் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, அந்தச் செயல் வெற்றி, தோல்வி இரண்டுக்கும் இடம் கொடுக்கிறதா? இரண்டு, தோற்றால் ஏதாவது ஆகுமா? காவலாளி யாரும் இல்லாத பாழடைந்த வீட்டில், அவசரமே இல்லாமல் ரோக் (திருட்டு வேலைகளில் கைதேர்ந்த பாத்திரம்) ஒரு பூட்டைத் திறக்கிறார் என்றால், தோற்றாலும் மறுபடி முயல்வார், அவ்வளவுதான். அதற்கு டைஸ் வேண்டாம். 2014 டிஎம் கையேடே இதற்கு வழி சொல்கிறது: வழக்கமாக ஆகும் நேரத்தைப்போல் பத்து மடங்கு செலவிட்டால் காரியம் தானாகவே முடிந்ததாக வைத்துக்கொள்ளலாம். அதே பூட்டை, காவலாளி மாடிப்படி இறங்கி வரும்போது திறக்க வேண்டுமென்றால் அது உருட்ட வேண்டிய இடம்.

உருட்டுவது என்று முடிவானால், டிசி எனப்படும் இலக்கு எண்ணை (டி20இல் விழுந்ததோடு பாத்திரத்தின் திறனுக்கான கூட்டெண்ணைச் சேர்த்து எட்ட வேண்டியது) டிஎம் டைஸ் விழுவதற்கு முன்பே மனதில் நிறுத்திவிட வேண்டும். 10 எளிது, 15 நடுத்தரம், 20 கடினம். புதிய டிஎம்முக்கு இந்த மூன்று எண்கள் பல மாதங்களுக்குப் போதும். விழுந்த எண்ணைப் பார்த்த பிறகு டிசியை யோசித்தால், யாருக்கும் தெரியாமலே டிஎம்தான் வெற்றி தோல்வியை முடிவு செய்கிறார் என்றாகிவிடும்.

இதிலிருந்து வரும் முதல் விதி: டிஎம் கேட்காமல் விழுந்த டைஸ் செல்லாது. 20 விழுந்தாலும் செல்லாது. முதல் நாளே, ஆட்டம் தொடங்கும் முன், யார் முகத்தையும் பார்க்காமல் பொதுவாகச் சொல்லிவிடுங்கள். யாரோ ஒருவருக்கு 20 விழுந்த பிறகு முதன்முறையாகச் சொன்னால், அது அவரைக் குறிவைத்துச் சொன்னதாகப் படும்.

செய்பவர் உருட்டுவார்

இது அடிப்படை. தாக்குபவர் தாக்குதலுக்கு உருட்டுகிறார், அடி எவ்வளவு என்பதையும் அவரே உருட்டுகிறார். ஆபத்திலிருந்து தப்ப உருட்டும் சேவிங் த்ரோ மட்டும் இதற்கு எதிர்த்திசையில் போகும்: அங்கே உருட்டுபவர் ஆபத்துக்கு ஆளாகிறவர். புதியவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான், குறிப்பாக விசார்ட், அதாவது மந்திரவாதி, ஆடுபவர்கள்.

ஃபயர்பால் மந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விசார்ட் டி20ஐத் தொடவே வேண்டாம். தன் டிசியை மட்டும் சொல்கிறார், 15 என்று வைத்துக்கொள்வோம். வெடிப்புக்குள் சிக்கிய, கோப்ளின் எனும் ஏழு சிறு எதிரிகளுக்கும் டிஎம் ஏழு டி20 உருட்டுகிறார். அடிக்கு 8டி6, அதாவது எட்டு ஆறுமுக டைஸ். அதை விசார்ட் ஒரே ஒருமுறை உருட்டுகிறார், ஒவ்வொரு கோப்ளினுக்கும் தனித்தனியாக அல்ல. கூட்டினால் 28 வந்தது என்றால், தவறிய கோப்ளினுக்கு 28, தப்பியதற்குப் பாதி, 14. 2014 கோப்ளினின் உயிர்ப்புள்ளி 7தான் என்பதால் தப்பியதும் பிழைக்காது. இதைக் கவனித்தீர்களா? அப்படியென்றால் அந்த ஏழு சேவிங் த்ரோக்களையும் உருட்டவே வேண்டியதில்லை. நல்ல டிஎம் முதலில் அடியை உருட்டச் சொல்லி, அது 14ஐ எட்டியதும் "ஏழும் கருகிப்போச்சு" என்று சொல்லிவிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விடுவார்.

மேஜிக் மிஸைலுக்குத் தாக்குதலும் இல்லை, சேவிங் த்ரோவும் இல்லை. எறிந்தால் படும், அடியை மட்டும் மந்திரம் போட்டவர் உருட்டுவார். ஆகவே மந்திரக்காரர் ஒவ்வொருவரும் தன் தாளில் ஒவ்வொரு மந்திரத்துக்கும் எதிரே "நான்", "எதிரி", "யாருமில்லை" என்று ஒரு சொல் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. ஐந்து நிமிட வேலை. சண்டை நடுவில் புத்தகம் புரட்டுவது அதோடு நின்றுவிடும்.

உதவிக்குக் கொடுத்த டைஸை யார் உருட்டுவது என்பது அடுத்த குழப்பம். பாடகர் பாத்திரமான பார்ட் தரும் இன்ஸ்பிரேஷன் (ஊக்கம்) டைஸை உருட்டுபவர் பார்ட் அல்ல, பெற்றவர். பிளெஸ் மந்திரத்தின் டி4ம் அப்படியே. பெற்றவர் முன்னால் ஒரு டைஸை நிஜமாகவே நகர்த்தி வைத்துவிடுங்கள். கண்முன் இருந்தால்தான் நினைவுக்கு வரும். 2014 விதிப்படி இன்ஸ்பிரேஷனைப் பெற்றவர் டி20ஐ உருட்டிப் பார்த்த பிறகும் பயன்படுத்தலாம், ஆனால் டிஎம் வெற்றியா தோல்வியா என்று சொல்வதற்கு முன் பயன்படுத்திவிட வேண்டும். எனவே எண்ணைக் கேட்டதும் டிஎம் ஒரு மூச்சு விட்டுத்தான் முடிவைச் சொல்ல வேண்டும். அவசரக்கார டிஎம்மிடம் பார்ட் ஆடுபவரின் பாதித் திறமை வீணாகிவிடும். காயம் ஆற்றும் மந்திரத்தில் இது தலைகீழ்: மந்திரம் போட்டவரே உருட்டுவார்.

சண்டை வரிசைக்கான இனிஷியேட்டிவை ஆளுக்கு ஒன்று உருட்டுகிறார்கள். ஒரே வகை எதிரிகள் எல்லோருக்கும் சேர்த்து டிஎம் ஒருமுறை உருட்டுவார். ஐந்து கோப்ளின்களுக்கும் 21 விழுந்தால் என்ன ஆகும்? யாரும் அசையும் முன் ஐந்து அம்புகளும் ஒரே ஆளின் மேல் பாயும், முதல் நிலைப் பாத்திரம் அங்கேயே விழுந்துவிடும். இரண்டு, மூன்று என்று இரு குழுவாகப் பிரித்து உருட்டினால் இந்தச் சிக்கல் வராது.

எதிரியின் அடியை டிஎம் உருட்டாமலே போகலாம். அதற்காகவே ஒவ்வொரு எதிரிக்கும் சராசரி அடி அச்சிடப்பட்டிருக்கிறது. கோப்ளினின் கத்திக்கு 5, பக்கத்திலேயே 1டி6+2. பெரிய சண்டையில் சராசரியை எடுத்துக்கொள்ளுங்கள். தலைவன் ஒருவன் வந்தால் மட்டும் உருட்டுங்கள்.

சாவோடு போராடும் டெத் சேவை, விழுந்து கிடக்கும் பாத்திரத்தின் ஆட்டக்காரரே உருட்ட வேண்டும். 10க்கு மேல் போனாலோ 10 விழுந்தாலோ வெற்றி, மூன்று வெற்றி வந்தால் நிலைப்படுவார், மூன்று தோல்வி வந்தால் இறப்பார். 1 விழுந்தால் இரண்டு தோல்வி, 20 விழுந்தால் ஓர் உயிர்ப்புள்ளியோடு எழுவார். சில மேசைகளில் பரபரப்புக்காக டிஎம் இதை மறைவாக உருட்டுகிறார். அதைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை. விழுந்து கிடப்பவருக்கு அந்தச் சுற்றில் செய்ய இருக்கும் ஒரே வேலை அது. அதையும் பிடுங்கிவிட்டால் அவர் வெறும் பார்வையாளர். மற்றவர்களுக்கு எண்ணிக்கை தெரியக் கூடாது என்று நினைத்தால், விழுந்தவர் டைஸைக் கோப்பையால் மூடி உருட்டி, தானும் டிஎம்மும் மட்டும் பார்த்துக்கொள்ளட்டும்.

ஒரு பாத்திரம் இன்னொரு ஆட்டக்காரரின் பாத்திரத்தைப் பேச்சால் மயக்கவோ மிரட்டவோ முயன்றால் யார் உருட்டுவது? யாரும் உருட்ட வேண்டாம். "நீங்க நம்புறீங்களா?" என்று எதிரே இருப்பவரைக் கேளுங்கள். அவர் சொல்வதுதான் விடை. தன் பாத்திரத்தின் மனதை அடுத்தவரின் டைஸ் திருப்புவதை யாரும் ரசிப்பதில்லை.

நான்கு பேரும் சேர்ந்து செய்யும்போது

முதலில் சொன்ன கதவுக்கு வருவோம். ஒரே காரியத்தில் பலர் இறங்கும்போது எத்தனை டைஸ் உருள்கிறது என்பது சிறு விஷயமாகத் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆட்டத்தையே புரட்டிப்போடுவது அதுதான்.

கடினமான பொறி. தனியாளுக்குக் கண்டுபிடிக்க 30 சதவீத வாய்ப்பு. நான்கு பேரும் ஆளுக்கொரு முறை உருட்டினால், யாராவது ஒருவர் கண்டுபிடிக்கும் வாய்ப்பு 76 சதவீதம். டிஎம் கடினம் என்று வைத்தது எளிதாகிவிட்டது. இப்போது இதைத் திருப்பிப் பாருங்கள். தூங்கும் ஓகர் பூதத்தைத் தாண்டி நான்கு பேரும் பூனைபோல் போக வேண்டும். ஒவ்வொருவருக்கும் 60 சதவீத வாய்ப்பு. ஒருவர் தவறினாலும் ஓகர் விழித்துக்கொள்ளும் என்று வைத்தால், நால்வரும் தப்புவதற்கு வெறும் 13 சதவீதம். எளிதாக இருக்க வேண்டியது ஏறக்குறைய முடியாததாகிவிட்டது. "எல்லாரும் உருட்டுங்க" என்ற அதே சொல்தான் ஓரிடத்தில் ஆட்டக்காரர்களுக்கு ஏணியாகவும் இன்னோரிடத்தில் குழியாகவும் ஆகிறது.

எனவே டிஎம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: ஒருவர் வென்றாலே எல்லோருக்கும் போதுமா, ஒருவர் தோற்றாலே எல்லோருக்கும் கேடா?

ஒருவர் வென்றால் போதும் என்ற வகையில், பொறி தேடுவது, தடயம் பார்ப்பது, பழைய கல்வெட்டைப் படிப்பது போன்றவற்றில், ஒரே ஒரு முறைதான் உருட்ட வேண்டும். "யார் தேடுறீங்க? யார் உதவி பண்றீங்க?" என்று டைஸுக்கு முன் கேளுங்கள். முன்னால் நிற்பவர் உருட்டுவார். உதவுபவர் எப்படி உதவுகிறார் என்று ஒரு வரி சொன்னால், உருட்டுபவருக்கு அட்வான்டேஜ்: டி20ஐ இரண்டு முறை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்வார். 30 சதவீதம் 51 ஆகும். கடினம் கடினமாகவே இருக்கும், உதவியதற்கும் பலன் கிடைக்கும். இரண்டாவது டைஸை உதவுபவர் கையில் கொடுத்துவிடுங்கள். விதிப்படி அவசியமில்லை, ஆனால் 17 அவர் டைஸில் விழும்போது அந்தக் கண்டுபிடிப்பில் அவருக்கும் பங்கு வந்துவிடும். பேசத் தயங்கி ஓரமாக உட்கார்ந்திருக்கும் புதியவரை ஆட்டத்துக்குள் இழுக்க இது நல்ல வழி.

விழுந்த எண் நிற்கும். வேறு கருவி, வேறு வெளிச்சம், வேறு வழி என்று ஏதாவது மாறினால்தான் மறுபடி முயலலாம். "நானும் பார்க்கிறேன்" என்பது மாற்றம் ஆகாது.

ஒருவர் தோற்றால் எல்லோருக்கும் கேடு என்ற வகையில், பதுங்கிப் போவது, கூட்டமாக ஆற்றைக் கடப்பது போன்றவற்றில், குழுச் சோதனை வைக்கலாம். எல்லோரும் உருட்டுவார்கள், பாதிப் பேர் வென்றால் குழுவே வென்றது. அதே 60 சதவீத ஆட்களுக்கு இப்போது 82 சதவீதம். சங்கிலிக் கவசம் அணிந்த ஃபைட்டர் (போர்வீரர்) வழக்கமாகத் தவறுவார், ஏனென்றால் அந்தக் கவசம் பதுங்குவதற்கு டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டிச் சிறியதை எடுப்பது) தருகிறது. ரோக் எப்படியும் தேறுவார். "கவசம் சத்தம் போடும் முன் ரோக் தன் போர்வையை ஃபைட்டர் தோளில் சுற்றிக் கட்டினார்" என்று டிஎம் சொன்னால் இருவர் உருட்டியதும் கதைக்குள் வந்துவிடும்.

அரசவையில் பேசுவது மூன்றாவது வகை. அங்கே பேசுகிறவர்தான் உருட்ட வேண்டும். பிரபுவிடம் ஃபைட்டர் நெகிழ்ந்து பேசி முடித்த பிறகு, "கூட்டெண் அதிகம், பார்ட் உருட்டட்டும்" என்று மாற்றினால், அடுத்த முறை ஃபைட்டர் வாயைத் திறக்க மாட்டார். அந்த மேசையில் ஒருவரைத் தவிர எல்லோரும் மௌனமாகிவிடுவார்கள். கூட்டெண் குறைந்தவர் நன்றாகப் பேசினால் டிசியைக் குறையுங்கள், டைஸை அவர் கையிலேயே விடுங்கள்.

விழுந்த எண்ணை யார் பார்ப்பது

வியாபாரி பொய் சொல்கிறாரா என்று ஒருவர் அறிய விரும்புகிறார். இன்சைட் உருட்டுகிறார், 3 விழுகிறது. "உண்மைதான் சொல்றார்போல இருக்கு" என்கிறார் டிஎம். மேசையில் இருக்கும் நால்வருக்கும் 3 தெரியும். வியாபாரியை யாரும் நம்பப்போவதில்லை. பாத்திரத்துக்குத் தெரியாதது ஆட்டக்காரருக்குத் தெரிந்துவிட்டது. இதை அவர்கள் மனக்கட்டுப்பாட்டால் மறந்துவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

எண்ணைப் பார்த்தாலே விடை தெரிந்துவிடும் வகைச் சோதனைகள் சிலதான்: பொய்யைக் கண்டறிதல், பொறி தேடல், மாறுவேடம் எவ்வளவு பொருந்தியது என்பது, ஒன்றைப் பற்றி நினைவுக்கு வருவது சரியா என்பது. இவற்றை மட்டும் மறையுங்கள். பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு ஆர்பிஜியின் 2019 இரண்டாம் பதிப்பு இப்படிப்பட்டவற்றுக்கு ரகசியச் சோதனை என்றே தனி அடையாளம் இட்டு, ஜிஎம் (அங்கே டிஎம்முக்குப் பெயர்) உருட்டும்படி வைத்திருக்கிறது. மறைப்பதற்கு மூன்று வழிகள் நடைமுறையில் நன்றாக வேலை செய்கின்றன.

முதல் வழி, டிஎம் தன் முன் நிறுத்தும் மறைப்பான ஸ்க்ரீனுக்குப் பின்னால் உருட்டுவது. இதற்கு ஆட்டக்காரர்களின் இன்சைட், பெர்செப்ஷன், இன்வெஸ்டிகேஷன் கூட்டெண்களை ஒரு சீட்டில் எழுதி ஸ்க்ரீனின் உள்பக்கம் ஒட்டியிருக்க வேண்டும். "உன் இன்சைட் எவ்வளவு?" என்று கேட்ட நொடியிலேயே ரகசியம் போய்விடும்.

இரண்டாவது, ஆட்டக்காரரே கோப்பைக்குள் போட்டுக் குலுக்கி, கவிழ்த்து, பார்க்காமல் டிஎம் பக்கம் நகர்த்துவது. டைஸைத் தொட்டது அவர் கை, பார்ப்பது டிஎம் கண். தன் விதியைத் தானே உருட்டினேன் என்ற உணர்வும் போகவில்லை. மூன்றிலும் இதுவே சிறந்தது.

மூன்றாவது, உருட்டாமலே இருப்பது. பேசிவ் பெர்செப்ஷன் என்பது 10உடன் கூட்டெண்ணைச் சேர்த்தால் வரும் எண். அட்வான்டேஜ் இருந்தால் 5 கூட்டலாம், டிஸ்அட்வான்டேஜ் என்றால் 5 கழிக்கலாம். யாரும் தேடாதபோது எதையாவது கவனித்தார்களா என்று பார்க்க இதுவே போதும். அமைதியாக நடந்து போகிறவர்களிடம் திடீரென்று "பெர்செப்ஷன் உருட்டுங்க" என்றால், எல்லோரும் தோற்றாலும் அங்கே ஏதோ இருக்கிறது என்று தெரிந்துவிடும். கத்தியை உருவிக்கொண்டுதான் அடுத்த அடி வைப்பார்கள்.

எதிரியின் தாக்குதலை வெளிப்படையாக உருட்டுவதா என்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. "17, படுதா?" என்று டிஎம் எண்ணோடு கேட்டால், ஏசி (தாக்குதல் பட எதிரி எட்ட வேண்டிய எண்) 14 உள்ள விசார்ட் ஷீல்டு மந்திரத்தால் 5 கூட்டி 19 ஆக்கித் தப்பலாம் என்று உறுதியாகத் தெரிந்து போடுவார். "படுது" என்று மட்டும் சொன்னால் அதே மந்திரம் ஒரு சூதாட்டம் ஆகிவிடும். புதியவர்களோடு ஆடும்போது எண்ணைச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு இரண்டே மந்திர இடங்கள் (ஒவ்வொன்றும் ஒரு மந்திரத்துக்குச் செலவாகும்) உள்ளவருக்கு அது வீணாவது மிகவும் வலிக்கும்.

விழுந்ததை ஸ்க்ரீனுக்குப் பின்னால் மாற்றிச் சொல்லும் பழக்கத்தைப் பற்றி: மாற்றத் தோன்றும் என்றால் உருட்டவே வேண்டாம், நடப்பதைச் சொல்லிவிடுங்கள். அந்த அதிகாரம் டிஎம்முக்கு உண்டு. உருட்டிவிட்டு மாற்றினால், ஒருமுறை தெரியவந்தாலும், அதுவரை உயிர் பிழைத்த எல்லாப் பாத்திரங்களின் மேலும் சந்தேகம் விழும். பெரிய கணங்களில் ஸ்க்ரீனை ஒதுக்குங்கள். "டிராகனுக்கு 14 வேணும்" என்று முதலில் சொல்லிவிட்டு மேசை நடுவில் உருட்டுங்கள். அப்போது மேசையில் ஒருவரும் போனைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

எல்லாவற்றையும் ஆட்டக்காரர்களே உருட்டினால்

எதிரி தாக்கும்போது ஆட்டக்காரர் சும்மா உட்கார்ந்து அடி வாங்குவதற்குப் பதில், தற்காப்பை அவரே உருட்டலாம். டிஎம்முக்கு டைஸே வேண்டாம், கதை சொல்லவும் குறிப்பு எடுக்கவும் கை காலியாக இருக்கும். மாற்றும் கணக்கு ஒன்றே ஒன்றுதான்: நிலையாக இருந்த எண்ணிலிருந்து 10ஐக் கழித்தால் ஆட்டக்காரரின் கூட்டெண், எதிரியின் கூட்டெண்ணோடு 12ஐக் கூட்டினால் அவர் எட்ட வேண்டிய இலக்கு.

சங்கிலிக் கவசமும் கேடயமும் உள்ள ஃபைட்டரின் ஏசி 18. கழித்தால் +8. கோப்ளினின் தாக்குதல் +4, கூட்டினால் 16. ஃபைட்டர் டி20இல் 8 போட்டாலே தப்பிவிடுவார், அதாவது 65 சதவீதம். பழைய முறையில் கோப்ளினுக்கு 14 விழ வேண்டும், அது 35 சதவீதம். கணக்கு இம்மியும் மாறவில்லை. மந்திரத்துக்கும் இதே வழிதான்: விசார்டின் டிசி 13 என்றால் +3, கோப்ளினின் சேவிங் த்ரோ +2 என்றால் இலக்கு 14. விசார்டுக்கு 11 வேண்டும், பாதிக்குப் பாதி.

12க்குப் பதில் 11 வைத்து ஆடுபவர்கள் உண்டு. சமமானால் ஆட்டக்காரருக்கே வெற்றி என்று அதோடு சேர்த்தால், ஒவ்வொரு தற்காப்பிலும் அவருக்கு 5 சதவீதம் கூடுதலாகக் கிடைக்கிறது. தெரிந்து கொடுத்தால் பரவாயில்லை, தெரியாமல் கொடுக்காதீர்கள்.

இன்னும் இரண்டு விஷயங்களைத் திருப்ப வேண்டும். எதிரிக்கு 20 விழுந்தால் இரட்டை டைஸ் அடி என்றிருந்தது, இங்கே ஆட்டக்காரருக்கு 1 விழுந்தால் அந்த அடி. எதிரிக்கு அட்வான்டேஜ் என்றால் ஆட்டக்காரர் டிஸ்அட்வான்டேஜோடு உருட்டுவார். இதை மறந்தால்தான் முறை உடைகிறது. ஏழு எதிரிகள் ஒருவரைச் சூழ்ந்தால் அவர் ஏழு முறை உருட்ட வேண்டியிருக்கும் என்பதும் நினைவிருக்கட்டும். ஏழு டி20ஐ ஒன்றாகக் கையில் கொடுத்துவிடுங்கள்.

வேறு ஆட்டத்துக்குப் போனால்

இந்தப் பழக்கங்களை அப்படியே தூக்கிக்கொண்டு போக முடியாது. 2010இல் வந்த அபோகலிப்ஸ் வேர்ல்டில் நடத்துபவர் உருட்டுவதே இல்லை. ஆட்டக்காரர் 2டி6 போடுகிறார்: 10க்குக் குறையாவிட்டால் முழு வெற்றி, 7 முதல் 9 வரை விலை கொடுத்து வெற்றி, 6க்குள் என்றால் நடத்துபவர் கதையில் ஒரு அடி அடிப்பார். எதிரியின் தாக்குதல் என்று தனியாக ஒன்று இல்லை, எதிரி அடிப்பது பெரும்பாலும் ஆட்டக்காரரின் டைஸிலிருந்தே பிறக்கிறது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பழகிய டிஎம் இங்கே வந்து எதிரிக்கும் உருட்டினால் ஆபத்து இரட்டிப்பாகிவிடும்.

பிளேட்ஸ் இன் தி டார்க்கில் எந்தத் திறனை வைத்து உருட்டுவது என்பதை ஆட்டக்காரரே தேர்ந்தெடுக்கிறார். அது எவ்வளவு ஆபத்தானது, எவ்வளவு பலன் தரும் என்பதை நடத்துபவர் டைஸுக்கு முன் சொல்லிவிட வேண்டும். கேட்டுவிட்டு ஆட்டக்காரர் வேறு வழி யோசிக்கலாம். இந்த ஒரு பழக்கத்தை எந்த ஆட்டத்துக்கும் எடுத்துப்போகலாம்.

1981 முதல் ஆடப்படும் கால் ஆஃப் துலூவில் டி100 (1 முதல் 100 வரை), திறன் எண்ணுக்குள் விழ வேண்டும். கொடூரத்தைப் பார்த்தவர் மனத்தெளிவைக் குறிக்கும் சானிட்டியைத் தானே உருட்டுவார், எவ்வளவு இழந்தார் என்பதையும் தானே உருட்டுவார். ஏழாம் பதிப்பில் தவறிய சோதனையை ஆட்டக்காரர் விரும்பினால் இன்னொரு முறை உருட்டலாம், ஆனால் வேறு முயற்சியாக எப்படிச் செய்கிறார் என்று சொல்ல வேண்டும், அதுவும் தவறினால் நிலைமை இன்னும் மோசமாகும். சண்டைக்கும் சானிட்டிக்கும் இந்தச் சலுகை இல்லை.

மேசையில் டைஸ் ஒழுங்கு

சாய்ந்து நின்ற டைஸும் தரையில் விழுந்த டைஸும் செல்லாது, மறுபடி உருட்ட வேண்டும். நல்ல எண் வந்திருந்தாலும்தான். விளிம்புள்ள ஒரு தட்டு, அடியில் துணி விரித்து வைத்தால் இந்தச் சண்டை பாதி குறையும்.

தாக்குதலின் டி20ஐயும் அடியின் டைஸையும் சேர்த்தே உருட்டப் பழகுங்கள். தவறினால் அடியைப் பார்க்க வேண்டாம், அவ்வளவுதான். டிஎம் மூன்று எதிரிகளுக்கு மூன்று நிற டைஸ் வைத்து, "சிவப்பு கதவுகிட்ட இருக்கிறவன்" என்று முன்பே சொல்லிவிட்டு ஒரே வீச்சில் உருட்டலாம். டி100க்கு இரண்டு டி10இல் எது பத்துகள் என்பதும் உருட்டும் முன் முடிவாக வேண்டும். 00உம் 0உம் சேர்ந்து விழுந்தால் 100.

ஆட்டக்காரர் ஒருவர் வராத நாளில் அவர் பாத்திரத்துக்கு யார் உருட்டுவது என்பதை அவரையே முன்கூட்டிக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். துணை வரும் ஊர்க்காரர், கூலிக்கு வந்த வீரர் போன்றவர்களின் டைஸை டிஎம் தானே சுமக்காமல் ஆட்டக்காரர்களுக்குப் பங்கிட்டுவிடலாம். டிஎம் தன் எதிரியையும் தன் நண்பனையும் தானே மோதவிட்டு இரண்டு பக்கமும் உருட்டிக்கொண்டிருப்பதை மற்ற நால்வரும் வேடிக்கை பார்ப்பதைவிட அது மேல்.

இணையத்தில் ஆடுபவர்களுக்கு மறைப்பு இன்னும் எளிது. ரோல்20, ஃபவுண்ட்ரி என்ற இணைய ஆட்ட மேசைகள் இரண்டிலும் ஜிஎம்முக்கு மட்டும் தெரியும்படி உருட்டலாம். ஃபவுண்ட்ரியில் உருட்டியவருக்கே எண் தெரியாத பிளைண்ட் ரோல் இருக்கிறது. மேலே சொன்ன கோப்பைக்கு அதுதான் மாற்று. ஆட்டம் தொடங்கும் முன் ஆளுக்கு ஒருமுறை அதில் உருட்டிப் பார்த்து, எண் யார் திரையில் வருகிறது என்று சோதித்துக்கொள்ளுங்கள். பொய் சொல்லும் வியாபாரி வரும்போது அமைப்புகளைத் தேடிக்கொண்டிருக்க வேண்டியிராது.